ஓடைக் கரையில் ஒரு மக்கள் வரலாறு

வரலாற்றை அரண்மனைகளிலும் கோபுரங்களிலும் தேடிப் பழகிவிட்டோம் நாம். மண்ணில் உக்கிப்போன கம்பமொன்றின் கறையும் அரசனின் சாசனத்துக்கு ஈடான சான்றே என்பதை, வட அமெரிக்கக் கடோ மக்களின் பழைய வாழ்விடங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

இன்றைய கிழக்கு ரெக்சாஸ், வடமேற்கு லூசியானா, தென்மேற்கு ஆர்க்கன்சோ, தென்கிழக்கு ஒக்லகோமா ஆகிய பகுதிகளே கடோக்களின் தாயகம். கி.பி. 800 அளவிலிருந்து இவர்களது பண்பாடு அங்கே தனித்துவத்துடன் வளர்ந்தது. இவர்களுட் பெரும்பாலோர் சிற்றோடைப் பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடந்த குடியிருப்புகளில் வாழ்ந்த உழவர்கள். அவர்தம் உற்பத்தி முறையே வாழ்விடத்தையும் நிர்ணயித்தது. வெள்ளம் எட்டாத மணற்றிட்டியிலே வீடு. அருகே கைக்கருவியாற் கொத்தத்தக்க இளகிய மண். ஓடையிலே நன்னீரும் மீனும். அப்பால் மானும் கொட்டைகளும் தரும் காடு. 13ஆம் நூற்றாண்டளவிற் சோளம் அவர்களது பிரதான பயிராயிற்று.

கம்பங்களை வட்டமாக நட்டு, நுனிகளை வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த வீடுகள் என்றோ அழிந்தன. ஆயினும், கம்பக்குழிகளின் கறைகளை அளந்து வீட்டின் விட்டத்தையும் வாயிலையும் ஆய்வாளர் கணிக்கின்றனர். குப்பைமேடுகளிலே கரிந்த சோளமும் மானெலும்பும் கிடைக்கின்றன; ஈரக் களியிற் கீறியும் சுட்டபின் செதுக்கியும் அழகு செய்த மட்பாண்ட ஓடுகளும் கிடைக்கின்றன.

இச்சமுதாயம் ஏற்றத்தாழ்வற்றது என நாம் புனைந்துரைக்க வேண்டியதில்லை. ரெக்சாசில் ஆல்ற்றோ என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள மண்மேடொன்றில் மேலோர் அரும்பொருள்களோடு புதைக்கப்பட்டனர். அம்மேட்டுக்கான மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்தவை உழைக்கும் மக்களின் தோள்களே.

கடோக்களும் விச்சிற்றாக்களும் தம் முன்னோருடையதெனப் போற்றும் ஸ்பைரோ மேட்டுக்கு நேர்ந்த கதி மறக்கத்தக்கதன்று. 1933 முதல் 1935 வரை அதைக் குத்தகைக்கு எடுத்த வணிகக் குழுவொன்று, கல்லறைப் பொருள்களைச் சந்தைக்காகத் தோண்டி விற்றது. ஈற்றில் வெடிமருந்தும் வைத்தது. 1936இல் தொடங்கிய முறையான அகழ்விலே மண் வெட்டியவர்கள், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து அரசின் நிவாரணத் திட்டத்திற் சேர்ந்த தொழிலாளர்.

முன்னோரின் கல்லறைகள் விலைபோன காலத்தில் அவர்தம் வழித்தோன்றல்கள் எங்கிருந்தனர்? 1835இல் உடன்படிக்கையொன்றின் மூலம் லூசியானா நிலம் அவர்களது கையைவிட்டுப் போனது. 1859இல் ரெக்சாசிலிருந்தும் அவர்கள் ஒக்லகோமாவுக்குத் துரத்தப்பட்டனர். முன்னோரின் எலும்புகளைத் திரும்பக் கேட்கும் சட்டபூர்வ உரிமை 1990இலேதான் கிட்டியது. கடோ தேசத்தின் தலைமையகம் இன்று ஒக்லகோமாவின் பிங்கர் என்னும் ஊரில் இயங்குகிறது.

ஆகவே, அவ்வோடைக் கரைகளிற் கிடைக்கும் ஓட்டுத்துண்டு ஒவ்வொன்றும், அந்நிலம் வெறுநிலமாய்க் கிடந்தது என்ற குடியேற்றக்காரரின் பொய்யை மறுக்கும் சாட்சியாகும். மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டிய வரலாறு இத்தகையதே.