கல்லுக்கும் மூலப்பத்திரம் உண்டு

செசமி ஸ்ட்ரீட் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் குக்கி மான்ஸ்டரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நீல உடம்பு, முழித்துப் பார்க்கும் கண், வாய் நிறைய பிஸ்கட். 2021 ஜனவரியில் அந்த முகம் ஒரு கல்லுக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. பிரேசிலின் தென்கோடியில் கிடைத்த ஓர் அகேட் கல்லை இரண்டாகத் திறந்தால், இரு பாதியிலும் அச்சு அசலாக அதே முகம்! உலகம் முழுக்க அந்தப் படம் சுற்றியது. 10,000 டாலருக்கும் மேல் கொடுத்து வாங்க ஆள் இருந்ததாகச் செய்தியில் சொன்னார்கள்.

ஒரு கல்லுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு விலை என்றால் உடனே 'எதை வைத்து?' என்றுதான் கேட்கத் தோன்றும். நகைக்கடனுக்கு நீங்கள் கொண்டு வரும் கல் பதித்த ஆரத்தை எங்கள் மதிப்பீட்டாளர் எடை போட்டதும் முதலில் செய்வது, கல்லின் எடையைக் கழிப்பதுதான். தங்கத்துக்குக் கடன் உண்டு, கல்லுக்குப் பைசா கிடையாது. அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள். என்ன செய்வது, விதி அப்படி!

சரி, அகேட் என்றால் என்ன? சிலிக்கா. வீடு கட்ட லாரியில் வந்து இறங்கும் மணலில் பெரும்பகுதி எதுவோ, அதேதான். எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே குமிழிகள் தங்கிவிடும். பின்னால் அந்தப் பொந்துகளில் சிலிக்கா கரைந்த நீர் புகுந்து, அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் வரி வரியாக அகேட். இந்தக் குடும்பத்தில் சிவப்பாக இருப்பதைச் சூதுபவளம் என்கிறார்கள். சிவாஜிநகர்ப் பக்கம் மோதிரக் கடைகளில் 'அகீக்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பெங்களூரில் பூமிக்குள் இது கிடைக்காது. லால்பாக் பாறை வேறு ஜாதி. வட கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று எரிமலைக் குழம்பு பரவிய மண்ணில்தான் கிடைக்கும்.

இந்தக் கல்லின் விலை ஏறி இறங்கிய கதை பழசு. கி.பி. 79ல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, அகேட்டுக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது, இப்போது ஒன்றுமில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். பல இடங்களில், பெரிய பெரிய துண்டுகளாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். பி.காம். முதலாண்டில் நாம் படித்த தேவை-அளிப்பு பாடம்தான். 19ம் நூற்றாண்டில் இதே கதை மறுபடி நடந்தது. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் அகேட் அறுப்பது பரம்பரைத் தொழில். உள்ளூர்க் கல் தீரப்போகும் நேரத்தில், அந்த ஊரிலிருந்து பிரேசிலுக்குப் பிழைக்கப் போனவர்கள் அங்கே கல் மலிந்து கிடப்பதைக் கண்டார்கள். கப்பல் ஆடாமல் இருக்க அடியில் போடும் பாரமாக அகேட்டை ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பாரத்துக்குப் போடும் கல் என்றால் அதன் அடக்க விலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பெரிய விலை எங்கிருந்து வருகிறது? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய ஏ4 தாள் அளவுக்கு ஒரு கல் இருக்கிறது. அகேட் வகையைச் சேர்ந்த அடுக்குக் கல். அதில் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தோடு ரதத்தில் போகும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. காஸ்பர் பௌடன் என்ற வியாபாரி இதை நம் ஊர் முகலாய பாதுஷாவிடம் விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டாவியா' கப்பலில் அனுப்பினார். வாங்குவார் என்று நம்பிய ஜஹாங்கீர் 1627லேயே காலமாகிவிட்டார். கப்பலோ 1629ல் ஆஸ்திரேலியா அருகே பாறையில் மோதி உடைந்தது. உயிர் பிழைத்தவர்களுக்குள் கலகம், கொலை. அத்தனைக்கும் தப்பிய கல்லைக் கிழக்கே கொண்டுபோய் விற்கப் பார்த்தும் விலை போகவில்லை. 1656ல் அது ஹாலந்துக்கே திரும்பி வந்தது. 27 வருடம் முடங்கிய முதல்! எங்கள் பாஷையில் சொன்னால் வாராக்கடன்.

அதே கல்லை 1823ல் டச்சு மன்னர் முதலாம் வில்லியம் 50,000 கில்டர் கொடுத்து வாங்கினார். இடைப்பட்ட காலத்தில் கல் வளரவில்லை, நிறமும் கூடவில்லை. அது எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எந்தக் கப்பலில் தப்பியது என்ற வரலாறு அதோடு சேர்ந்திருந்தது. சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பதில் பெரும்பகுதி இதற்குத்தான். வீட்டுக்கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் மூலப்பத்திரம் கேட்கிறோம் இல்லையா? மனை எவ்வளவு அழகாக இருந்தாலும் மூலப்பத்திரம் இல்லாவிட்டால் கோப்பு நகராது. கல்லுக்கும் அப்படித்தான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூரிலிருந்து கோவை ரயிலில் போகும்போது ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே, தண்டவாளத்துக்குத் தெற்கே, நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய கொடுமணம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். சேரர் தலைநகர் கரூருக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே இருந்த பெருவழியில் அமைந்த ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985ல் இங்கே அகழாய்வு தொடங்கியது. பேராசிரியர் கா. ராஜன் பல ஆண்டுகள் இங்கே உழைத்திருக்கிறார். பிறகு தமிழகத் தொல்லியல் துறையும், 2012, 2013ல் புதுவைப் பல்கலைக்கழகமும் தோண்டின. ஈமச்சின்னங்களிலிருந்து சூதுபவள மணிகள் ஏராளமாக வந்தன. வெள்ளைக் கோலம் போட்டது போன்ற மணிகளும் உண்டு. சோடா உப்புக் குழம்பால் கோடு வரைந்து சூடு காட்டினால் அந்த வெள்ளை கல்லோடு ஒட்டிவிடும்.

ஆனால் கொடுமணலின் உண்மையான புதையல் அந்த மணிகள் இல்லை என்பேன். குடியிருப்புப் பகுதியில் கிடைத்த கல் சில்லுகளும், பாதி தேய்த்த மணிகளும், துளை போடாத மணிகளும்தான். சூதுபவளமும் அகேட்டும் அந்தப் பக்கத்து மண்ணில் விளையாதவை, மேற்கு இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும். முழுமையான மணி மட்டும் கிடைத்திருந்தால், 'குஜராத்திலிருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள்' என்று எழுதி முடித்திருப்பார்கள். சில்லுகள் கிடைத்ததால்தான், மூலப்பொருளை வரவழைத்து இங்கேயே அறுத்து, தேய்த்து, துளையிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பக்கத்துப் படியூரின் பச்சைக்கல், சிவன்மலையின் நீலக்கல் இவற்றோடு சேர்த்து ஒரு தொழிற்பேட்டையே நடந்திருக்கிறது. கூடவே தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில். சந்தையில் அந்தச் சில்லுகளுக்கு ஒரு ரூபாய் கூடத் தரமாட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கவலை. திபெத்து மக்கள் அணியும் 'சீ' என்ற பழைய அகேட் மணிகளுக்கு, முக்கியமாக ஒன்பது கண் வரைந்தவற்றுக்கு, சீனாவிலும் தைவானிலும் லட்சக்கணக்கில் விலை. அந்த ஆசை மற்ற பழைய மணிகளின் மேலும் விழுகிறது. மழை பெய்து ஓய்ந்ததும் பழைய ஊர்மேடுகளில் மணி மேலே வரும். பொறுக்குபவருக்குக் கிடைப்பது டீக்காசு. அது கை மாறி வெளிநாட்டுத் தட்டுக்குப் போகும்போது விலை எங்கேயோ இருக்கும். பெறுவது அழகான மணி, தொலைப்பது மூலப்பத்திரம்.

காசு என்றால் பரவாயில்லை. 1891ல் நம் யஷ்வந்த்பூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. காசின் மேலேயே பேரரசரின் முகமும் பெயரும் இருக்கும். எங்கே தூக்கிப் போட்டாலும் யார் காலத்தது என்று அதுவே சொல்லும். மணியில் எழுத்து இல்லை. எந்த ஆழத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில், எந்த எலும்புக்குக் கீழே கிடந்தது என்பதுதான் அதன் பிறந்த தேதி. மண்ணிலிருந்து பிடுங்கிய நிமிடமே அது அழிந்துவிடுகிறது. எந்த விலைக்கும் திரும்ப வாங்க முடியாது.

சட்டமும் இருக்கிறது. 1878ம் வருடப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ம் வருடத் தொல்பொருள் சட்டம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது. உரிமம் இல்லாமல் வியாபாரமும் கூடாது.

ஊருக்குப் போகும்போது யாராவது 'சங்ககாலத்து மணி சார், உங்களுக்காக வைத்திருக்கிறேன்' என்று கைக்குட்டையை விரித்தால், வாங்காதீர்கள். அழகுக்கு வேண்டுமென்றால் குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் புது அகேட் மணி செய்கிறார்கள். கல் தூசியை மூச்சில் இழுத்து சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளாகிறவர்கள் அந்தத் தொழிலாளர்கள். பணம் அந்தக் கைகளுக்குப் போகட்டும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நொய்யல் கரைக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். தரையில் ஏதாவது சில்லு மின்னினால் பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.