எட்டுக் கம்பியா, நாலு கம்பியா?

வரும் ஜூலையில் ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போவதற்கு இல்லை. மாண்டலின் வாசிப்பவர்களுக்கென்றே நடக்கும் ஒரு கோடை முகாமுக்கு. ஐம்பது வயதில் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் கட்டிலில் படுக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. மகள் மட்டும், "லஞ்ச் டப்பா கட்டித் தரட்டுமாப்பா?" என்று அக்கறையாகக் கேட்டாள் :-)

முகாம்காரர்கள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். கூடுதல் கம்பி செட் ஒன்று, பிக் நாலைந்து, சுருதி பார்க்கும் கருவி, பென்சில், கொசு மருந்து, மடக்கு நாற்காலி. "உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றை மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் அளவுக்குத் தயார் செய்துகொண்டு வாருங்கள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: "எட்டுக் கம்பியையும் புதிதாக மாற்றிவிட்டு வரவும்."

சிக்கல் இந்தக் கடைசி வரியில்தான். நான் கொண்டுபோக நினைத்திருந்த மாண்டலினில் இருப்பது நாலே கம்பி.

அது அப்பாவுடையது. நான் பிறந்து வளர்ந்தது ஊரிகம். கோலார் தங்கவயல் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஊரிகம் என்றால் "எங்கே?" என்பார்கள். பங்காருப்பேட்டையில் இருந்து மாரிக்குப்பம் போகும் சின்ன ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். அப்பா சுரங்கத்துக்குள் டிம்பர்மேன். மேலே இருக்கும் பாறை இறங்காமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றபோது அப்பா வாங்கி வந்தது இந்த மாண்டலின். தட்டை முதுகு, எட்டுக் கம்பி. சினிமாப் பாட்டு வாசிப்பார். நைட் ஷிப்டு முடிந்து வந்து தூங்கி எழுந்தால் சாயங்காலம் கொஞ்ச நேரம் டிங் டிங் என்று கேட்கும். லைன் வீடுகளில் சுவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

ஒருநாள் கட்டிங் பிளேயரை எடுத்து ஜோடிக்கு ஒன்றாக நாலு கம்பியைக் கழற்றிவிட்டார். பக்கத்து வீட்டு மாமா, "என்னாய்யா, கடன்காரன் புடுங்கிக்கினு போய்ட்டானா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அப்பா, "அந்தப் பையன் இப்டித்தான் வாசிக்கிறான்" என்றார். பையன் என்று அவர் சொன்னது மாண்டலின் ஸ்ரீநிவாஸை.

போன மாதம் அந்த மாண்டலினை இங்கே டெட்ராய்ட் பக்கம் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோ இதைப் பாழ் பண்ணி வைத்திருக்கிறார்கள். எட்டாக மாற்றித் தருகிறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த வாத்தியத்தின் கதையை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பாழானது எப்போது, யாரால் என்று பார்த்துவிடலாமே!

மாண்டலினுக்கு இன்று நாம் பார்க்கும் வடிவம் கிடைத்தது இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில். வினாச்சியா என்ற கைவினைஞர் குடும்பத்தின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். பாதியாக வெட்டிய சுரைக்காய் போல முதுகு. நாலு ஜோடிக் கம்பி, வயலினுக்கு உள்ள அதே சுருதி. வயலினில் வில்லை இழுக்க இழுக்க நாதம் நிற்கும். இதில் தட்டியவுடன் செத்துப்போகும். அதனால்தான் ஜோடி. சத்தமும் கூடும், பிக்கை மேலும் கீழும் வேகமாக ஆட்டினால் நீண்ட ஸ்வரம் போலவும் கேட்கும். 19ஆம் நூற்றாண்டில் அதே குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்குவாலே வினாச்சியா எஃகுக் கம்பிக்கு ஏற்றபடி வாத்தியத்தை மாற்றினார். ஆக, பிறந்த ஊரிலேயே கை வைத்துவிட்டார்கள்.

1880 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டு மாணவர் இசைக்குழு ஒன்று நியூயார்க்கில் வந்து இறங்கியது. அவர்கள் வாசித்தது பந்தூர்யா என்ற வேறு வாத்தியம். ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? அங்கே இருந்த இத்தாலியர்கள் அதே மாதிரி உடுப்புத் தைத்துக்கொண்டு, மாண்டலினோடு மேடை ஏறிவிட்டார்கள். அமெரிக்காவில் மாண்டலின் மோகம் இந்த ஆள்மாறாட்டத்தில்தான் ஆரம்பித்தது. அடுத்த முப்பது வருடத்தில் ஊருக்கு ஊர், கல்லூரிக்குக் கல்லூரி மாண்டலின் குழுக்கள்.

அதே 1880ல்தான் லண்டனில் இருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கோலாருக்கு வந்தார்கள். கார்ன்வால் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் ஒரு பக்கம். வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்தில் இருந்து வந்த நம் ஆட்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு கிளப்பும் நடனமும், நமக்குத் தட்டி வீடும் பஜனையும் பறையும். 1894ல் ரயில் வந்தது. 1902ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் இருந்து ஏறக்குறைய 148 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள்.

அந்த 1902ல், நான் இப்போது இருக்கும் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் கிப்சன் மாண்டலின் கம்பெனி தொடங்கியது. ஆர்வில் கிப்சன் என்ற மனிதர், வயலினுக்குச் செய்வது போல மரத்தைக் குடைந்து வளைவான முகப்பு செய்து, 1898ல் காப்புரிமை வாங்கியிருந்தார். சுரைக்காய் முதுகு போயிற்று. 1922ல் அதே கம்பெனியில் லாயிட் லோர், வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகளோடு எஃப்-5 மாண்டலினைக் கொண்டுவந்தார். அதற்குள் ஜனங்களின் மோகம் வடிந்துவிட்டது, சரியாக விற்கவில்லை. 1923ல் செய்த அப்படி ஒன்று பிற்பாடு கென்டக்கி மாநிலத்து பில் மன்றோ (1911-1996) கையில் சேர்ந்தது. புளூகிராஸ் என்று ஒரு சங்கீதமே அதில் இருந்து கிளம்பியது. இந்தக் கோடை முகாம்களில் ராத்திரி வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதில் பாதி அவர் வழி வந்ததுதான். 2004ல் டேவிட் கிரிஸ்மனும் மைக் மார்ஷலும் கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு வார மாண்டலின் முகாம் ஆரம்பித்தார்கள். நான் போகப்போவது வேறு முகாம், ஆனால் ஏற்பாடு அதே மாதிரிதான். பகலில் வகுப்பு, ராத்திரி கூட்டு வாசிப்பு.

சரி, நம் பக்கம் வருவோம். வெளிநாட்டு வாத்தியத்தை வாங்கி நம் வழிக்குத் திருப்புவது நமக்குப் புதிதில்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினை எடுத்துக்கொண்ட கதை தெரியும். நின்றுகொண்டு தோளில் வைக்கும் வாத்தியத்தைச் சம்மணமிட்டு நெஞ்சுக்கும் பாதத்துக்கும் இடையில் பிடிக்க வைத்தார்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்ட கத்ரி கோபால்நாத் (1949-2019) அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். மாண்டலின் விஷயத்தில், இந்திப் பட இசையமைப்பாளர் சஜ்ஜாத் ஹுசேன் (1917-1995) இந்துஸ்தானி ராகங்களை வாசித்துக் காட்டியிருந்தார். கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் இது சரிப்படாது என்றுதான் நினைப்பு. காரணம் கமகம். வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை அசைக்கலாம். மாண்டலினில் ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு ஏறாது. அப்பா சொன்ன பாஷையில்: "ஒண்ணு ஒரு பக்கம் போவுது, இன்னொண்ணு ஒரு பக்கம் போவுதுடா."

உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் பிறந்தது 1969 பிப்ரவரி 28, ஆந்திராவின் பாலகொல்லு. ஆறு வயதில் அப்பா சத்யநாராயணாவின் மாண்டலினை எடுத்து வைத்துக்கொண்டார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை வாசித்துக் காட்ட வேண்டும். விரலை எங்கே வை, எப்படி இழு என்று சொல்ல ஆள் இல்லை. குரலில் வருவது கையில் வந்தாக வேண்டும், அவ்வளவுதான். அதற்கான வழியைப் பையனே கண்டுபிடித்தான். ஜோடியை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பி. ஒற்றைக் கம்பியில் சத்தம் குறையும், நாதம் சீக்கிரம் மறையும். அதற்கு மின்சார மாண்டலின். பிறகு கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பி ஒன்று சேர்த்தார்.

1978ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதல் கச்சேரி. 1981ல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில். 1983ல் மேற்கு பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது வயது பதினான்கு. பிற்பாடு ஜான் மெக்லாஃப்லினின் 'ரிமெம்பர் சக்தி' குழு, 1998ல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயது 45தான். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சுப்பராஜு பாடிக் கற்றுத்தந்ததைப் படித்தபோதுதான் அப்பா கட்டிங் பிளேயரோடு உட்கார்ந்திருந்தது எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் பாட ஒரு குரு இல்லை, ரேடியோவும் கேசட்டும்தான். மின்சார மாண்டலினுக்கும் வசதி இல்லை. நாலு கம்பியைக் கழற்றினதும் சத்தம் பாதியாகிவிட்டது. ஆனால் கம்பி இழுபட்டது. வீட்டுக்குள் மட்டும் கேட்கும்படி ஏதோ ராகம் மாதிரி ஒன்று வந்தது. பாறைக்கு முட்டுக் கொடுத்துக் காய்த்துப்போன விரலுக்கு அவ்வளவுதான் வரும். மரம் குடைந்த ஆர்வில் கிப்சனைக் காப்புரிமைப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். எங்கள் லைனில் நடந்ததற்குச் சாட்சி பக்கத்து வீட்டு மாமாவும் நானும்தான். இரண்டு பேர் செய்ததும் ஒரே வேலை. கையில் கிடைத்த வாத்தியத்தைத் தன் பாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். ஸ்ரீநிவாஸின் பிறந்த நாள் என்பது தற்செயல்தான். 120 வருடத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்த இடம், சாம்பியன் ரீஃபில் மூன்று கி.மீ.க்கும் மேல் ஆழம் போன இடம். இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்ப ஆரம்பித்தார்கள். அப்பா மாண்டலினைப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு எடுத்ததை நான் பார்க்கவில்லை. நான் அப்போது இங்கே வந்திருந்தேன், பார்த்திருக்கவும் முடியாது. 2009ல் அப்பா போன பிறகு அம்மா, "இத நீ எடுத்துக்கினு போ, இங்க கறையான் அரிக்கும்" என்று கொடுத்து அனுப்பினார்.

போன சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கலமசூ போய் வந்தேன். பார்சன்ஸ் தெருவில் 1917ல் கட்டிய கிப்சன் தொழிற்சாலை. உயரமான புகைபோக்கி ஒன்று நிற்கும். ஊரிகத்துக்காரனுக்கு ஷாஃப்ட் கோபுரம் ஞாபகம் வராமல் இருக்காது. 1984ல் கம்பெனி இந்த ஆலையை மூடிவிட்டு நாஷ்வில் போய்விட்டது. ஊரை விட்டுப் போக மனசில்லாத தொழிலாளிகள் சிலர் 1985ல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் கிடார் செய்ய ஆரம்பித்தார்கள். மரமும் உளியும் இருந்தால் தொடரலாம். மூன்று கி.மீ. ஆழச் சுரங்கத்தை நாலு பேர் சேர்ந்து தொடர முடியுமா? தண்ணீர் இறைப்பதை நிறுத்தினால் அதோடு சரி. தெருவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது தயாரிப்பு விவரம். கூட்டு வாசிப்புக்கு எட்டுக் கம்பி அவசியம். அங்கே மாண்டலின்காரர் பாதி நேரம் தாளக்காரர். எல்லாக் கம்பியையும் அழுத்தி 'சக், சக்' என்று எதிரடி போட வேண்டும். நாலு கம்பியில் அது எடுபடாது. அதனால் புதிதாக ஒரு சாதாரண எட்டுக் கம்பி மாண்டலின் வாங்கிவிட்டேன். அப்பாவுடையதைத் திரும்ப ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய், குதிரையைச் சரி செய்யுங்கள், கீக்கு எண்ணெய் விடுங்கள், கம்பி நாலே போதும் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஸ்ரீநிவாஸ் ஒலிப்பதிவு ஒன்றைப் போடச் சொன்னார். போட்டேன். முழுதாகக் கேட்டார். நாலு கம்பியோடு திருப்பிக் கொடுத்தார்.

ஊர்ப் பாட்டுக்கு நான் தயார் செய்வது மோகனத்தில் ஒரு கீதம். பாட்டு கிளாசில் முதல் வருஷம் குழந்தைகள் பாடுவதுதான், சிரிக்க வேண்டாம். மோகனத்தின் அதே ஐந்து ஸ்வரத்தில்தான் 'அமேசிங் கிரேஸ்' முதல் எத்தனையோ பாட்டுகள் இந்த ஊரில் இருக்கின்றன. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். காந்தாரத்தைக் கொஞ்சம் அசைத்துக் காட்டும்போதுதான் கேள்வி வரும். அப்போது அவர்களிடம் நாலு கம்பியின் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பெட்டியைத் துடைத்தபோது பிக் வைக்கும் சின்ன அறைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அப்பா அன்றைக்குக் கழற்றிய நாலு கம்பி, சுருட்டித் துருப்பிடித்து. அவர் தூக்கிப் போடவில்லை. நானும் அங்கேயே வைத்துவிட்டேன்.

தினமும் ராத்திரி ஒன்பதில் இருந்து பத்து வரை சாதகம். விரல் நுனி எரிகிறது. இரண்டாம் காலத்தில் இன்னும் தடுக்குகிறது. ஜூலைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, பார்க்கலாம். போய்வந்து எழுதுகிறேன்.