பஞ்சைப் பிரித்த இயந்திரமும் பெருகிய அடிமைகளும்

பாடசாலைக் காலத்தில் பொது அறிவுப் புத்தகத்தில் நான் மனனம் செய்த வரி இது: பருத்தி விதை நீக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் எலி விட்னி. இந்த வரியில் இரண்டு விடயங்கள் விடுபட்டுள்ளன.

முதலாவது, அத்தகைய கருவி அவருக்கு முன்பே இருந்தது. இரண்டு உருளைகளைக் கையால் சுற்றிப் பஞ்சை மறுபக்கம் இழுக்கும் கருவி இந்தியாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கியது. ஆனால் அமெரிக்காவின் உள்நிலங்களில் விளைந்த குட்டை இழைப் பருத்தியில் விதை பஞ்சோடு இறுகப் பற்றியிருக்கும். அதற்கு உருளை சரிவரவில்லை. கையால் பிரித்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் பஞ்சு தேறுவதே பெரிய காரியம்.

1793 இல் ஜோர்ஜியாவின் சவானா நகருக்கு அருகே ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தபோது விட்னி செய்த பொறி எளிமையானது. மர உருளையில் பதித்த கம்பிப் பற்கள் ஒடுங்கிய இடைவெளிகளினூடாகப் பஞ்சை இழுக்கும். விதை அதற்குள் நுழைய முடியாமல் தங்கிவிடும். எதிர்த்திசையில் சுழலும் தூரிகை, பற்களில் ஒட்டிய பஞ்சைத் துடைத்தெடுக்கும். அவ்வளவுதான். இதனால் நாளொன்றுக்கு 50 இறாத்தல் பிரிக்க முடிந்தது. 1794 மார்ச் 14 இல் ஆக்கவுரிமை கிடைத்தது. ஆனாலும் கண்டவரெல்லாம் பிரதி செய்தார்கள். விட்னி வழக்குகளில் அலைந்தார்.

விடுபட்ட இரண்டாவது விடயம்தான் பாரதூரமானது. இந்த இயந்திரத்தால் எவருக்கும் வேலை பறிபோகாது என்று விட்னி தந்தைக்கு எழுதியிருந்தார். பறிபோகவில்லைதான். விதை பிரிக்கும் தடை நீங்கியதும், எவ்வளவு நட்டுப் பறிக்க முடியுமோ அவ்வளவு பஞ்சும் காசாகியது. நடவும் களை பிடுங்கவும் பறிக்கவும் இயந்திரம் இல்லை. கறுப்பின அடிமைகளின் கைகளே இருந்தன. 1790 இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860 இல் ஏறத்தாழ 40 இலட்சமாகியது. 1808 இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது தடைசெய்யப்பட்டது. உள்நாட்டு விற்பனைக்குத் தடையில்லை. வேர்ஜீனியாவிலிருந்தும் மேரிலாந்திலிருந்தும் மிசிசிப்பி, அலபாமா பருத்தி நிலங்களுக்கு மனிதர்கள் விற்கப்பட்டார்கள். கணவன் ஓரிடம், மனைவி வேறிடம், பிள்ளை இன்னோரிடம்.

பழி முழுவதையும் ஓர் இயந்திரத்தின் தலையில் போடுவதை நான் ஏற்கவில்லை. அடிமை முறை அதற்கு முன்பே இருந்தது. வாங்கியவர்களும் விற்றவர்களும் தெரிந்தே செய்தார்கள். 1865 இல் அது சட்டப்படி ஒழிந்த பிறகும், அவர்களின் வழிவந்தோர் பலர் குத்தகை நிலங்களில் கையாலேயே பருத்தி பறித்தார்கள். பறிக்கும் இயந்திரம் வயல்களில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான்.