அஞ்சலட்டை முதல் இணையம் வரை: இசைவாணரும் ரசிகரும்

மல்லேஸ்வரத்தில் செண்பகத்தின் பெயரில் ஒரு வீதி, வேம்பின் பெயரில் ஒரு வீதி. சம்பிகே ரோடு, மார்கோசா ரோடு என்று சொன்னால் பெங்களூர்த் தமிழர் எல்லாருக்கும் தெரியும். எட்டாவது கிராஸ் கடைவீதியில் பூவும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, காடு மல்லேஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “சௌடையா ஹால்ல இன்னிக்கு யார் கச்சேரி?” என்று விசாரித்தபடி வீடு திரும்பும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். அடியேனும் அவர்களில் ஒருவன்.

அண்மையில் ஒரு நாள் பேத்தி ஓடி வந்தாள். “தாத்தா, அவர் பாடினது எந்த ராகம்னு கேட்டு எழுதினேன். அவரே பதில் போட்டிருக்கார், பாருங்கோ!” என்று கைப்பேசியை நீட்டினாள். எனக்கும் சந்தோஷந்தான். விட்டுக்கொடுக்க மனசு வராமல், “நாங்களும் அந்தக் காலத்துல வித்வான்களுக்குக் கார்டு போடுவோம். பத்து நாள்ல பதில் வரும், தெரியுமோ?” என்றேன். அவள் உடனே, “அந்தக் கார்டெல்லாம் எங்கே தாத்தா?” என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை. மூன்று முறை வீடு மாறினோம். எந்த முறை எந்தக் கட்டோடு போயிற்றோ! அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. இசைவாணரும் ரசிகரும் தூரத்தைத் தாண்டி உறவு வைத்துக்கொண்ட கதையை, மல்லேஸ்வரத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

கல்வெட்டில் ஒரு தஞ்சாவூர்த் தொடர்பு

காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு விடப்பட்ட மானியத்தைச் சொல்லும் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மானியம் கொடுத்தவர் ஏகோஜி என்கிற வெங்கோஜி. மராட்டிய மன்னர் சிவாஜியின் தம்பி, மாற்றாந்தாய் மகன். 1670களில் தஞ்சாவூரைக் கைப்பற்றி அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கி வைத்தவரும் இவரேதான். அவருடைய வம்சத்தார் ஆண்ட தஞ்சைச் சீமையில்தான் பின்னாளில் தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் இசை வளர்த்தார்கள். மல்லேஸ்வரத்துக் கோயிலுக்கு மானியம் எழுதிய கை, தஞ்சைக்கும் சென்றிருக்கிறது!

1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் காற்றோட்டமாக வாழவேண்டும் என்று மல்லேஸ்வரமும் பசவனகுடியும் புதிய குடியிருப்புகளாக உருவாயின. அகலத் தெருக்கள், வரிசையான கிராஸ்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம். இப்படி அமைந்த ஊரில் கன்னடக் குடும்பங்களோடு தமிழ்க் குடும்பங்களும் கலந்து வாழ்ந்தன. பக்கத்து வீட்டில் வீணை கேட்டால் இந்த வீட்டில் தாளம் போடும் பழக்கமும் வந்தது.

ஒரு கடிதம் கட்டிய கோயில்

தியாகராஜர் 1847 ஜனவரியில் திருவையாற்றில் மறைந்தார். காவிரிக் கரையில் அவருடைய சமாதி நாளாவட்டத்தில் கவனிப்பாரற்றுப் போயிற்று. அதன் நிலையைக் கண்டு மனம் நொந்தவர் மைசூர் சமஸ்தான வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா. அவர் சென்னையிலிருந்த பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கு அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார்.

நாகரத்தினம்மாள் நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்தவர். மைசூரிலும் பெங்களூரிலும் கற்றுத் தேர்ந்து, சென்னைக்குக் குடிபெயர்ந்து, பாட்டினால் பெரும் பொருள் ஈட்டியவர். பெயருக்கு முன்னால் கடைசிவரை ‘பெங்களூர்’ ஒட்டிக்கொண்டே இருந்தது. கிருஷ்ணப்பாவைக் குருவாக மதித்தவர் அவர். கடிதத்தைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. இடத்தை முறையாகப் பெற்று 1921இல் அடிக்கல் நாட்டச் செய்தார். தம் சேமிப்பையும் நகைகளையும் அதில் போட்டார். 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

அத்தோடு கதை முடியவில்லை. அவர் கட்டிய சந்நிதியில் ஆராதனையின்போது பாட, பெண் என்ற காரணத்தால் அவருக்கே இடமில்லை என்றார்கள். அம்மையார் அசரவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940இல் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றாகி, ஆண்களும் பெண்களும் ஒரே ஆராதனையில் பாடும் நிலை வந்தது. 1952இல் அவர் மறைந்தபின் அவருடைய சமாதியும் அங்கேயே அமைந்தது. இன்று தை மாதத்தில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கேட்க நாம் தொலைக்காட்சி முன் உட்காருகிறோமே, அதற்குப் பின்னால் ஓர் இசைவாணர் இன்னொருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று நலம் கேட்பதோடு நிற்காமல், ‘இதைக் கவனிக்க வேண்டாமா’ என்று கேட்ட கடிதம்.

ஏழு தந்திகளின் நட்பு

அதே பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் 1910 முதல் பல ஆண்டுகள் குருகுலவாசம் செய்த மாணவர்தான் திருமகூடலு சௌடையா. பிறந்தது 1895இல், காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசீபுரத்தில். அங்கிருந்து ஓடும் காவிரிதான் திருவையாற்றையும் தொட்டுச் செல்கிறது.

ஒலிபெருக்கி பரவாத நாள் அது. நூற்றுக்கணக்கானோர் கூடிய பந்தலில் கடைசி வரிசைக்கு வயலின் எட்டாது. சௌடையா 1920களில் மூன்று தந்திகளைக் கூடுதலாகச் சேர்த்து ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். நாதம் பெருகியது. கடைசி வரிசை ரசிகரையும் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த வாத்தியம் என்று இதைச் சொல்லலாம்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், முசிரி சுப்பிரமணிய ஐயர், செம்பை வைத்தியநாத பாகவதர் என்று அக்காலத்துப் பெரியவர்களுக்கெல்லாம் அவர் பக்கம் வாசித்தார். மைசூர்க்காரர், தமிழ்நாட்டு மேடைகளில் சொந்த வீட்டுப்பிள்ளை. செம்பையோடு அவருக்கிருந்த நட்பு பேர்பெற்றது. 1943இல் வந்த ‘வாணி’ என்ற கன்னடப் படத்தில் இருவரையும் ஒரே மேடையில் காணலாம். 1957இல் சென்னை மியூசிக் அகாடமி சௌடையாவுக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. 1967 ஜனவரியில் அவர் மறைந்தார்.

மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1980இல், மல்லேஸ்வரத்தில் அவருக்கு நினைவு மண்டபம் எழுந்தது. கே.கே. மூர்த்தி என்ற இசை ஆர்வலரின் முயற்சி. கட்டடமே வயலின் வடிவம். தந்திகள், குதிரை, முறுக்காணி எல்லாம் கல்லும் காரையுமாக நிற்கின்றன. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். அரசர் கட்டியதல்ல, ரசிகர் முயன்று எழுப்பியது. சௌடையா கடைசி வரிசையை நினைத்துத் தந்தி சேர்த்தார். கடைசி வரிசை அவரை நினைத்து மண்டபம் கட்டியது.

வானொலி, ராமநவமி, கார்டு

மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935இல் தம் முயற்சியில் ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அவர் வைத்த ‘ஆகாசவாணி’ என்ற பெயரே பிறகு நாட்டு வானொலியின் பெயராயிற்று. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் பெங்களூர் நிலையம் 1955இலும் வந்தன. அதுவரை நேரில் கேட்டால்தான் பாட்டு, இல்லாவிட்டால் இசைத்தட்டு. வானொலி வந்தபின் முகம் பார்க்காத ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். முகம் தெரியாத ரசிகர் தம் மனசைச் சொல்ல ஒரே வழி அஞ்சலட்டை. “நேற்றிரவு தங்கள் தோடி கேட்டு உறக்கம் வரவில்லை” என்கிற மாதிரி நாலு வரி. பெரிய வித்வான்களும் தம் கையால் பதில் எழுதியது உண்டு.

பெங்களூரில் நேரில் கேட்கவும் ஒரு பெரிய வாய்ப்பு அமைந்தது. எஸ்.வி. நாராயணசாமி ராவ் 1939இல் தொடங்கிய ராமசேவா மண்டலியின் ராமநவமி இசை விழா சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் வளர்ந்தது. ஆண்டுதோறும் தமிழ்நாட்டு வித்வான்கள் வருவார்கள். கச்சேரி முடிந்தும் மேடைக்கருகே கூட்டம் கலையாது. “போன வருஷம் நீங்க பாடின காம்போஜி இன்னும் காதுல இருக்கு” என்று ஒருவர் சொல்ல, வித்வான் சிரித்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஒரு கூப்பிடுதலுக்காகவே அடுத்த ஆண்டும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

காவிரி என்றதும் நம்மில் பலருக்கு 1991 டிசம்பர் நினைவுக்கு வரும். கதவைச் சாத்திக்கொண்டு இருந்த இரவுகள் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அதே காவிரிதான் கிருஷ்ணப்பாவின் மனத்தைத் திருவையாற்றோடு கட்டியது, சௌடையாவைச் செம்பையோடு சேர்த்தது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு கதையும் தெரிய வேண்டும்.

இணையம் வந்தது

1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப்போன நம் பிள்ளைகள் கணினி வழியே ராகம், தாளம் பேச ஆரம்பித்தார்கள். இசைவாணர்களும் பின்தங்கவில்லை. 2015இல் சங்கீத கலாநிதி பெற்ற சஞ்சய் சுப்ரமண்யன், வரலாற்று ஆய்வாளர் வி. ஸ்ரீராமுடன் சேர்ந்து கர்நாடக இசைக்கென ‘சங்கீதம்’ என்ற இணையதளத்தை நடத்தியவர். கச்சேரிப் பட்டியல், பழைய வித்வான்களின் கதை, ரசிகர் கேள்வி என்று எல்லாம் ஒரே திரையில் வந்தன. மல்லேஸ்வரத்து வீட்டிலிருந்து கேட்ட கேள்விக்குச் சென்னையிலிருந்து அன்றே பதில்!

பாடமும் திரைக்குள் போயிற்று. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலி இணையத்தில் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கிறது. நொடியில் சிறு பின்னந்தான். ஆனால் தாளத்துக்கு அதுவே அதிகம். குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாட முடியாது. அவர் பாடி நிறுத்தினபின் இவள் பாடவேண்டும். இன்னொரு வேடிக்கை: பேச்சுக்காகச் செய்த மென்பொருள்கள் விடாமல் ஒலிக்கும் தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து அடக்கிவிடும்! அதற்கென்று உள்ள அமைப்பை மாற்றிக்கொண்டுதான் பாடம் நடக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது சபாக்கள் எல்லாம் பூட்டப்பட்டன. வயலின் மண்டபமும் மௌனமானது. வித்வான்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கைப்பேசி முன் பாடினார்கள். அந்த ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் டிசம்பர் விழாகூட இணையத்தில்தான் நடந்தது. கைதட்டல் கிடையாது, “சபாஷ்” கிடையாது; திரையோரத்தில் எழுத்துகள் மட்டும் ஓடின. பாடுகிறவருக்குத் தலையசைக்கும் ஒரு முகம் எவ்வளவு முக்கியம் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. உறவு அறுந்துபோகாமல் காத்ததும் அந்தத் திரைதான் என்பதை மறுக்க முடியாது.

எது மிஞ்சும்?

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். என் கார்டுகள் போய்விட்டன. அவளுடைய பதில்கள் இருக்குமா? நம் பிள்ளைகள் கூடிப்பேசிய ஆர்குட் 2014 செப்டம்பரோடு மூடப்பட்டது. யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் நின்றுபோயின; பல ஆண்டுப் பேச்சு அதோடு போயிற்று. தந்தியும் 2013 ஜூலையில் விடைபெற்றது. ஆனால் வந்த தந்தித்தாள் எங்காவது ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். மூடிய இணையதளத்துக்குப் பெட்டி ஏது?

மைசூர் வாசுதேவாசாரியார் தாம் கண்ட கலைஞர்களைப் பற்றிக் கன்னடத்தில் எழுதி வைத்தார். அதனால்தான் திருவையாற்றில் தம் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயரோடு அவர் இருந்த நாள்கள் நமக்குத் தெரிகின்றன. இணையதளம் நடத்திய அதே ஸ்ரீராம்தான் நாகரத்தினம்மாளின் வரலாற்றை 2007இல் ஆங்கில நூலாக எழுதினார். யாரோ எழுதி, யாரோ பாதுகாத்து வைத்ததால்தான் இன்னொருவர் வரலாறு எழுத முடிகிறது. இன்றைய வித்வான் ரசிகருக்கு எழுதும் பதிலில் ஒரு ராகத்தின் நுட்பம் இருக்கலாம், ஒரு குருவின் நினைவு இருக்கலாம். நூறு ஆண்டுக்குப்பின் ஒருவர் தேடினால் கிடைக்க வேண்டாமா?

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் வித்வான்களின் கடிதமோ, பழைய கச்சேரி அழைப்பிதழோ இருந்தால் தேதி குறித்துப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளுக்கு வரும் பதில்களைத் தாளில் அச்செடுத்து ஒரு கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் சங்க நூலகத்தில் அவற்றின் நகலுக்கு ஓர் அலமாரி ஒதுக்கினால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளை நேரில் கச்சேரிக்கும் அழைத்துப் போங்கள்.

என் பேத்தி போன வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் அந்தப் பதிலை அழகாக எடுத்தெழுதித் தேதியும் போட்டிருக்கிறாள். “இது தொலையாதே தாத்தா?” என்று கேட்டாள்.

“நீ தொலைக்காம இருந்தா தொலையாதும்மா” என்றேன்.