துரைமார் மேசையில் ஏலக்காய் இருந்ததா?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் முதலில் காப்பித் தோட்டங்கள் வரும். மெட்டைத் தாண்டினால் ஏலக்காடு. பூப்பாறைக்கு அப்பால் தேவிகுளம், மூணாறு பக்கம் தேயிலை. இந்த வழியில் வெளியூர் விருந்தினருக்கு ஏலக்காய் டீயை நீட்டி, இது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழக்கம் என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏலக்காட்டை ஒட்டிப் பங்களா கட்டிக் குடியிருந்தவர்கள் தங்கள் உணவில் ஏலக்காயைச் சேர்த்தார்களா? அதற்கான சாட்சியைத் தேடித்தான் பழைய சமையல் புத்தகங்களுக்குள் நுழைந்தேன்.

தேடலை எந்த ஆண்டில் தொடங்குவது என்பதில் குழப்பமில்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த ஆண்டே, 1878இல், சென்னையில் ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்ற சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி ஆர்தர் ராபர்ட் கென்னி ஹெர்பர்ட், புனைபெயர் ‘வைவர்ன்’. மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயர் வீட்டில் என்ன சமைத்தார்கள், விருந்தாளியை எப்படி உபசரித்தார்கள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைக்காது.

அந்தக் காலத்துத் துரை வீட்டு நாள் விடியற்காலைத் தேநீரும் ரொட்டியுமாகத் தொடங்கும். அதற்கு ‘சோட்டா ஹாசிரி’ என்று பெயர். பிறகு காலை உணவு, நடுப்பகலில் டிபன், மாலையில் தேநீர், இரவில் டின்னர். விருந்தாளி வந்துவிட்டால் டின்னர் ஒரு சடங்காகவே மாறும். அதற்கென்று உடை மாற்ற வேண்டும். பதவி வரிசைப்படி ஆண்கள் பெண்களுக்குக் கைகொடுத்துச் சாப்பாட்டு அறைக்குள் அழைத்துச் செல்வார்கள். சூப், மீன், இறைச்சி, இனிப்பு என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் பெண்கள் எழுந்து வேறு அறைக்குப் போக, ஆண்கள் போர்ட் ஒயின் குப்பியை இடப்பக்கமாக நகர்த்திக் கைமாற்றிக் குடிப்பார்கள்.

வைவர்ன் காலத்தில் டின்னருக்கான உணவுப் பட்டியல் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. முந்தைய தலைமுறை விரும்பிய காரக் குழம்புகள் இரவு விருந்திலிருந்து ஒதுக்கப்பட்டுக் காலை உணவுக்கும் டிபனுக்கும் இறங்கிவிட்டன. நம் மிளகு ரசத்திலிருந்து பிறந்த முல்லிகட்டானி சூப்புக்கும் அதே கதிதான். கறித்தூள் செய்முறையை அவர் விரிவாகவே தருகிறார்; அதில் மல்லியும் மஞ்சளும்தான் ஆட்சி செய்கின்றன. ஏலக்காய் அந்தத் தூளில் இல்லை. விரும்பினால் சிட்டிகையளவு தனியே சேர்க்கலாம் என்று சொல்லும் வாசனைப் பொருள்களில் ஒன்றாக மட்டும் அது ஒதுங்கி நிற்கிறது.

இந்த நூலில் என்னை வருத்தியது வேறொன்று. சமைத்த கைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ராமசாமி’ என்று ஒரே பெயர். குசினியில் விறகடுப்பின் முன் நின்று, வாசித்தறியாத பிரெஞ்சுப் பண்டங்களைக் கேள்வியறிவால் செய்துகாட்டிய நம் சமையல்காரர்களுக்கு அச்சில் சொந்தப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. மலைப் பங்களாக்களின் பட்லர்களுக்கும் குசினிக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

மதராசில் இல்லை என்றால் சீமையில் இருந்திருக்குமோ என்று அடுத்துத் தேடினேன். ஆங்கிலேயக் குடும்பங்களின் வேதநூல் போல விளங்கியது இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட குடும்ப நிர்வாக நூல். அதிலும் ‘இந்தியக் கறித்தூள்’ உண்டு: மல்லி, மஞ்சள், இஞ்சி, கடுகு, வெந்தயம், மிளகாய் வகை, ஆல்ஸ்பைஸ் எல்லாம் வருகின்றன, ஏலக்காய் வரவில்லை. 1747இல் ஹானா கிளாஸ் அச்சிட்ட இந்தியக் கறியிலும் மிளகும் மல்லியும்தான். கிறிஸ்துமஸ் பிளம் புட்டிங்கில் ஜாதிக்காய், பட்டை, கிராம்பு உண்டு. அங்கேயும் ஏலம் இல்லை.

அப்படியானால் ஆங்கிலேய நாக்கு ஏலக்காயை அறியவே இல்லையா? விடை 500 ஆண்டுகள் பின்னால் கிடைத்தது. மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் சுமார் 1390இல் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்ற கையெழுத்துச் சுவடியை 1780இல் சாமுவேல் பெக் அச்சிட்டார். அதில் ‘ஹிப்போகிராஸ்’ என்ற மசாலா ஒயினுக்குச் செய்முறை இருக்கிறது. பட்டை, இஞ்சி, கிராம்பு, திப்பிலி, ஜாதிக்காயோடு ஏலக்காயும் பெயர் சொல்லி நிற்கிறது. ஏலத்தின் உறவான, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் விளையும் ‘சொர்க்க விதை’ அதே பட்டியலில் தனியாக இடம்பெறுவதால், ஒன்றை மற்றதாக மயங்க வழியில்லை. மலபார் கரையிலிருந்து செங்கடல், அலெக்சாந்திரியா, வெனிஸ் என்று கைமாறிக் கைமாறி நம் மலைச்சரக்கு லண்டன் அரண்மனை வரை போயிருக்கிறது. அந்த வரியை வாசித்தபோது நெஞ்சு விம்மியதை மறைக்க மாட்டேன்.

ஹிப்போகிராஸ் விருந்தின் முடிவில் செரிமானத்துக்காகக் குடிக்கப்பட்டது. பிறகு அந்த வழக்கம் தேய்ந்தது. 1703இல் போர்ச்சுக்கலுடன் ஏற்பட்ட மெத்துவன் ஒப்பந்தம் போர்ட் ஒயினுக்குச் சுங்கத்தைக் குறைக்க, விருந்தின் கடைசிக் குவளை அதன் வசமானது. மசாலா ஒயின் மறைந்ததும் மேசையில் ஏலக்காய்க்கு இருந்த இடமும் போனது என்பதே என் கணிப்பு.

மேசையில் இடமிழந்தது எங்கே குடிபுகுந்தது? ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் 1874இல் வெளியிட்ட ‘ஃபார்மகோகிராஃபியா’ அதைச் சொல்கிறது. இங்கிலாந்தில் ஏலக்காயின் வேலை பெரும்பாலும் மருந்தோடு சேர்ந்தது. கறித்தூளிலும் ஓரளவு உண்டு. கேக்குக்கு வாசனையூட்ட அதைத் தாராளமாகச் சேர்ப்பவர்கள் ரஷ்யரும் சுவீடன், நார்வே மக்களும் ஜெர்மனியின் சில பகுதியினரும். மருந்து என்றால் எந்த மருந்து? அக்காலப் பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பில் ‘டிங்சர் கார்டமம் கம்பவுண்ட்’ இருந்தது. ஏலவிதை, சீரகத்தைப் போன்ற தோற்றமுள்ள கேரவே, உலர்திராட்சை, பட்டை ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து, கோச்சினீல் பூச்சியால் சிவப்பேற்றிய திரவம் அது. வயிற்றுப் பொருமலுக்கும், கசப்பு மருந்தின் சுவையை மாற்றவும் கொடுத்தார்கள். ஹிப்போகிராஸில் சேர்ந்த ஏலமும் பட்டையும் இதிலும் இருந்தன. வேலையும் அதே செரிமானம்தான். அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றுவலிக்கு ஊற்றிக் கொடுத்த இளஞ்சிவப்புக் கார்மினேட்டிவ் மிக்ஸ்சர் பலருக்கு நினைவிருக்கும். அதிலும் இந்த டிங்சர் சேர்ந்திருந்தது. போடிக்காரர்கள் தங்கள் மலைக் காயைச் சீமை மருந்தாகத் திரும்பக் குடித்திருக்கிறார்கள்.

இனி டீ. 1897இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி உருவான பிறகு, தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ரோப்வேயில் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாக மாட்டுவண்டியில் அம்மையநாயக்கனூர் ரயிலடிக்கும் அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போனது. மதுரை–போடி ரயில் 1928இல் வந்தது. ஏலமும் தேயிலையும் ஒரே ஊர் வழியாக இறங்கியும், ஆங்கிலேயக் கோப்பையில் அவை கலக்கவில்லை. பால், சர்க்கரை, தேயிலை ஆகிய மூன்றே அவர்கள் முறை. 1903இன் தேயிலை வரிச் சட்டத்தில் திரண்ட பணம் பின்னாளில் இந்தியரிடையே டீயைப் பரப்பச் செலவானது. அப்போது கற்பித்ததும் அந்த முறையைத்தான். இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தவர்கள் நம் வீட்டாரும் டீக்கடைக்காரர்களும்தான். எனவே ஏலக்காய் டீயைத் துரைமார் கணக்கில் எழுதுவது தவறு.

இவ்வளவும் அச்சிட்ட புத்தகங்கள் சொன்னவை. பங்களாக் குசினியின் உண்மை இன்னும் போடி, தேவாரம், கம்பம் வீட்டுப் பரண்களில் கிடக்கலாம். தாத்தாவோ பாட்டியோ மலையில் பட்லராக, சமையல்காரராக, ஆயாவாக வேலை பார்த்த குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: துரை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம், சாமான் கணக்கு, தமிழில் குறித்து வைத்த சமையல் முறை எதுவானாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். சமைத்தவரின் பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.