கமரா வாங்குமுன் கொஞ்சம் சரித்திரம்: தண்ணீருக்குள்ளும் வாசலிலும்



பழைய மாணவர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை அனுப்பியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பாடசாலை வாசலுக்கும் கணினி அறைக்கும் சிசிரிவி கமரா பூட்ட வேண்டும், மிச்சத்தில் விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் நந்திக்கடலுக்குள் பார்க்க ஒரு நீருக்கடிக் கமரா வாங்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்களிடம் வந்தது. சரித்திரம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம், எதையும் அடியிலிருந்துதான் தொடங்குவோம். பதிவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன் 'வோட்டர்புரூவ்' என்று பெட்டியில் போட்டிருந்த ஒரு சின்னக் கமராவை வாங்கி, வட்டுவாகல் பக்கம் களப்பில் இறக்கினோம். முதல் 10 நிமிடம் பச்சைக் குழம்பு தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் அரைவாசிக்குத் தண்ணீர். கடைக்காரர் மூடியைச் சரியாக அமர்த்தவில்லை என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். மூடியைச் சுற்றியிருக்கும் றப்பர் வளையத்தில் ஒரு மணல் துணிக்கை இருந்தால் போதும்.

எங்களுக்கு ஆறுதல் தந்தது 1856ஆம் ஆண்டுக் கதை. இங்கிலாந்தில் வெய்மத் என்ற கரையில் வில்லியம் தொம்சன் என்ற சட்டத்தரணி ஒருவர் மரப்பெட்டிக்குள் கமராவை வைத்துக் கயிற்றில் கடலுக்குள் இறக்கினார். உலகத்தில் நீருக்குள் எடுத்த முதல் படம் என்று சொல்லப்படுவது அதுதான். அந்தப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. படம் மங்கலாக வந்தது, ஆனால் வந்தது. 1893இல் பிரான்ஸின் பான்யூல்ஸ் கரையில் லூயி பூத்தான் என்ற உயிரியலாளர் சுழியோடி உடுப்போடு தானே இறங்கினார். கமராப் பெட்டியைச் செய்து கொடுத்தது அவருடைய சகோதரர். பெட்டியை எவ்வளவு தடிப்பாகச் செய்தாலும் ஆழத்தில் தண்ணீர் அழுத்தும், ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அதற்கு அவர்கள் ஒரு றப்பர் பையில் காற்றை நிரப்பிப் பெட்டியோடு இணைத்தார்கள். வெளியே அழுத்தம் கூடப் பை சுருங்கி, உள்ளேயும் அதே அளவு அழுத்தத்தை ஏற்றிவிடும். வெளிச்சத்துக்கு, ஒரு பீப்பாயில் ஒட்சிசன் நிரப்பி, மேலே மதுசார விளக்கை எரியவிட்டு, அதில் மகனீசியத் தூளை ஊதினார்கள். இன்றைக்கு நாங்கள் தனித்தனியாக விலை கேட்கும் உதிரிகளில் உறை, வளையம், லைற் எல்லாவற்றுக்கும் தாய் தகப்பன் அந்தப் பீப்பாயும் பையும்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தம். எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வருடத்துக்கு இரண்டு தரம் ஒரு செய்தி சுற்றும்: கமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம், 'கமரா' என்பதே அரபுச் சொல் என்று. கமரா என்பது அறை என்று பொருள்படும் லத்தீன் சொல். இப்னுல் ஹைதம் படம் பிடிக்கும் பெட்டி எதையும் செய்யவில்லை. பஸ்ராவில் பிறந்து, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இருந்து அவர் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' செய்த வேலை இதைவிடப் பெரியது. கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று அவர் நிறுவினார். அந்த நூலின் ஏழாம் பாகம் முழுவதும் ஒளிமுறிவு. தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைப்பதைப் பற்றியது. நீருக்கடிக் கமராவின் பிரச்சினையே அதுதான். தட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தால், ஒரு மீற்றர் தூரத்தில் நிற்கும் மீன் முக்கால் மீற்றரில் நிற்பதுபோலவும் பெரிதாகவும் தெரியும். அரைக்கோளக் கண்ணாடி போட்ட உறையின் விலை ஏன் கூட என்று ஒருவர் கேட்டார். இந்த வளைவைச் சரிசெய்யத்தான். இல்லாத பெருமையைக் கொடுத்து அவருடைய இருக்கிற பெருமையை நாங்களே குறைக்க வேண்டாம்.

இனி எங்கள் தீவு. நீருக்கடிக் காட்சியைப் பொறுத்தவரை இலங்கை ஆரம்பத்திலிருந்தே வரைபடத்தில் இருக்கிறது. 1864–65இல் ஒஸ்திரியப் பிரபு ஒயிகன் வொன் றான்சொனே இரும்புத் தகட்டால் செய்த, தடித்த கண்ணாடி வைத்த ஒரு மணிக்கூண்டுக்குள் உட்கார்ந்து காலிக் கடலுக்குள் இறங்கி, பவளப் பாறைகளைப் பென்சிலால் வரைந்தார். 1867இல் வியன்னாவில் அது புத்தகமாக வந்தது. அவர் கண்ணாடி வழியாக இறங்குவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக் குளித்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு கல்லைக் கட்டி இறங்கினார்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் நிறையப் பேர். அவர்கள் பார்த்ததை யாரும் வரையவில்லை.

1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்தார்கள். இவர்களோடு கடலை நன்றாக அறிந்த உள்ளூர்க்காரர் றொட்னி ஜொங்க்லாஸ். திருகோணமலை சுவாமி மலையின் அடியில் இறங்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைத் தண்ணீருக்குள் கண்டார்கள். கிளார்க்கின் 'த றீவ்ஸ் ஒவ் தப்றபேன்' 1957இல் வந்தது. வில்சன் 1962இல் 'ரன்முத்து தூவ' படத்தை எடுத்தார். முதலாவது வர்ணச் சிங்களப் படம். அதில் வரும் நீருக்கடிக் காட்சிகள் திருகோணமலைக் கடல். (இதே வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியானார். கடலுக்குள் போனவர் என்னத்தோடு திரும்பி வருவார் என்று சொல்லமுடியாது.)

எங்களை இரண்டு நாள் நித்திரை கொள்ள விடாதது 1961 மார்ச் மாதத்துச் சம்பவம். கிரிந்தைக்கு அப்பால், மகா இராவணன் கோட்டை வெளிச்சவீடு நிற்கும் பாறைத்தொடரில், இரண்டு அமெரிக்கப் பையன்களோடு படம் பிடிக்கப் போன வில்சன் ஒரு உடைந்த கப்பலைக் கண்டார். பீரங்கிகள், கூடவே வெள்ளிக் காசு. காசு மூட்டைகளின் துணி உக்கிப் போயிருந்தது. ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ ஆயிரம் என்று கட்டியிருந்தவை பவளத்தோடு ஒட்டி, மூட்டையின் வடிவத்திலேயே கட்டியாக நின்றன. காசில் இருந்தது பாரசீக எழுத்து. ஔரங்கசீப் ஆலம்கீரின் ரூபாய், அடித்த இடம் சூரத், ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1701–02. சூரத் அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கப்பலேறும் துறை. இந்தக் காசில் கலிமா இராது. காசு கைமாறி அசுத்தமான இடத்திலும் விழும் என்று ஔரங்கசீப் அதைப் பொறிப்பதை நிறுத்திவிட்டார். கப்பலின் பெயர் காசில் இல்லை, ஆனால் எந்த அரசர், எந்த ஊர், எந்த வருடம் என்பதை வாசிக்க முடிந்தது. 10ஆம் வகுப்பில் முகலாயரைப் படிப்பிக்கும்போது இனி அக்பரின் கோட்டையோடு இந்தப் பாறையையும் சேர்த்துச் சொல்வோம்.

அந்தப் பாறையில் கடல் அடங்குவது வருடத்தில் சில கிழமைகள்தான். வில்சன் கண்டது மார்ச்சில். அடுத்த பெரிய பயணம் 1963 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்தில் கிளார்க் நோயில் விழுந்து எழும்பினார். 1963இல் கூட வந்தவர் பீற்றர் த்ரொக்மோட்டன். தொழிலால் படப்பிடிப்பாளர், 1960இல் துருக்கிக் கரையில் கெலிடோனியா கப்பல் அகழ்வில் வேலை செய்தவர். அந்தப் பயணங்களின் கதையைக் கிளார்க் 1964இல் புத்தகமாக எழுதினார். நாங்கள் கடையில் 'எத்தனை மெகாபிக்சல்' என்றுதான் முதலில் கேட்டோம். 'எந்த மாதம்' என்று கேட்டிருக்க வேண்டும்.

கமராவும் அந்தக் காலத்தில்தான் கைக்கு அடக்கமானது. கூஸ்தோவுக்காக பெல்ஜியப் பொறியியலாளர் ழான் த வூத்தேர் வடிவமைத்த கலிப்சோ 1960 அளவில் விற்பனைக்கு வந்தது. தனி உறை தேவையில்லை, கமராவின் உடம்பே உறை. 1963இல் நிக்கொன் அதை வாங்கி நிக்கொனோஸ் என்று பெயர் வைத்து 2001 வரை அந்த வரிசையைச் செய்தது. இன்று விற்கும் கைக்கமராக்கள் அதன் பேரப்பிள்ளைகள்.

கமரா இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். இந்து சமுத்திரத்தில் இதுவரை தெரிந்த கப்பற்சிதைவுகளில் மிகப் பழையது, ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முந்தியது, அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயாவில் 30 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 2003இல் அதைக் கண்டவர்கள் சங்கு எடுக்கப் போன உள்ளூர்ச் சுழியோடிகள்.

தண்ணீருக்குள் பார்க்கும் கமராவும் காவல் கமராவும் வேறு வேறு பொருட்கள் என்று நினைத்திருந்தோம். 1951 ஏப்ரலில் பிரித்தானிய நீர்மூழ்கி 'அஃப்ரே' 75 பேரோடு ஆங்கிலக் கால்வாயில் காணாமற் போனது. இரண்டு மாதம் தேடினார்கள். ஜூனில் ஒரு கப்பலிலிருந்து உறைக்குள் வைத்த தொலைக்காட்சிக் கமராவை இறக்கி, மேலே திரையில் பார்த்துக்கொண்டிருக்க, சிதைவின் பக்கத்தில் எழுதியிருந்த பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. இந்தத் தொழில்நுட்பம் அதற்கு முன் ஜேர்மனியில் பேனமுண்டேயில் 1942இல் வேலை செய்தது. வி-2 ஏவுகணை கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஆபத்து என்பதால், வால்ட்டர் புறூக் என்ற பொறியியலாளர் கமரா வைத்துத் தூரத்தில் திரையில் காட்டினார். மூடிய சுற்றுத் தொலைக்காட்சி என்ற சிசிரிவி அங்கிருந்து வந்தது. ஆள் போகமுடியாத இடத்தைப் பார்க்க வந்த பொருள்தான் பிறகு ஆட்களைப் பார்க்கத் திரும்பியது.

வன்னிக்கு அது வாசல் வழியாக வரவில்லை, வானத்தால் வந்தது. ஆளில்லா வேவு விமானத்தை இங்குள்ள சனம் 'வண்டு' என்று அழைத்தது. அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களின் பிள்ளைகள் நாங்கள், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த கண்காணிப்பு வேறு, சோதனைச் சாவடியில் பொருட்களை எண்ணிப் பார்த்த கண். ஆனால் எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன் வண்டுக்குக் கீழே இருந்தவர்கள். அது சுற்றிப் போனால் பின்னால் செல் வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடியவர்கள். போன கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி, "ரீச்சர், அந்தக் கமரா எங்கட ஒழுங்கையையும் பாக்குமோ?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது.

ஹுஜுராத் சூராவின் 12ஆம் வசனம் பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. மதில் ஏறி ஒருவருடைய வீட்டுக்குள் பார்த்த உமர் (ரழி) அவர்களிடம், நீங்கள் ஒன்றுக்கு மூன்று பிழை செய்துவிட்டீர்கள் என்று அந்த வீட்டுக்காரரே சொன்னதாக வரும் சம்பவமும் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இலங்கைச் சட்டமும் இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே எங்கள் சிபாரிசு: வாசல் கமரா வாசலையும் மதிலின் உட்புறத்தையும் மட்டும் பார்க்கட்டும், ஒழுங்கையைப் பார்க்கக் கூடாது. கோணம் குறுகிய லென்ஸ் போதும், 'எல்லாம் தெரியும்' என்று விற்கும் அகலக் கோணம் வேண்டாம். பதிவுப் பெட்டி அதிபரின் அறையில் பூட்டோடு இருக்கட்டும். இரண்டு கிழமையில் பழையது தானாக அழியட்டும். யாருடைய கைப்பேசியிலும் நேரடிக் காட்சி வேண்டாம், எங்களுடையதிலும்.

மிச்சம் உப்பும் பூச்சியும். கண்ணகை அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கும் ஊர் இது, உப்பைப் பற்றி உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐபி 66 என்றால் தூசும் பீச்சியடிக்கும் தண்ணீரும் புகாது. ஐபி 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். இரண்டும் நல்ல தண்ணீரில் சோதித்தவை, உப்புக்காற்றில் வருடக்கணக்காகத் தொங்கவிட்டு அல்ல. வாசலுக்கு 66 போதும், ஆனால் தாங்கியும் ஆணியும் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும், வயர்ப் பொருத்து பெட்டிக்குள் இருக்க வேண்டும். இரவுக்கு அகச்சிவப்பு எல்ஈடி எரியும்போது பூச்சி வரும், பூச்சியைப் பிடிக்கச் சிலந்தி வந்து லென்ஸிலேயே வலை கட்டும். எல்ஈடியைக் கமராவிலிருந்து இரண்டடி தள்ளிப் பூட்டலாம். 'இதே கமராவைத் தண்ணீருக்குள்ளும் போடலாம்' என்று ஒருவர் எங்களுக்கு விற்கப் பார்த்தார். அகச்சிவப்பைத் தண்ணீர் ஒரு மீற்றருக்குள் விழுங்கிவிடும்.

களப்புக்கு ஆழம் பிரச்சினை இல்லை, இடுப்பளவுத் தண்ணீர்தான். சேறுதான் பிரச்சினை. கமராவோடு ஒட்டிய லைற்றைப் போட்டால் மிதக்கும் துணிக்கையெல்லாம் திருப்பி அடிக்கும், பனிக்குள் மோட்டார் சைக்கிள் லைற் போட்டதுபோல. லைற்றைக் கைநீளத்துக்குப் பக்கவாட்டில் பிடிக்க ஒரு தடி வேண்டும். லென்ஸ் அகலமாக இருந்தால் பொருளுக்குக் கிட்டப் போய் எடுக்கலாம். கிட்டப் போனால் இடையில் சேறு குறைவு. வாங்கும்போது மேலதிக றப்பர் வளையம் இரண்டு, சிலிக்கன் கிறீஸ், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். இவை மூன்றுக்கும் சேர்த்து வருவது கமரா விலையில் ஒரு சிறு பங்கு. போன முறை நாங்கள் வாங்காமல் விட்டவையும் இவைதான்.

எந்த மாதம் என்ற கேள்வி மட்டும் இன்னும் மிச்சம். மாரி வெள்ளம் வடிந்து, சோளகம் கிளம்பமுன் தண்ணீர் தெளியும் நாட்கள் எவை, எந்தப் பக்கம் முதலில் தெளியும் என்பது நந்திக்கடலில் இறால் பிடிக்கும் ஐயாமாருக்கும் நானாமாருக்கும்தான் தெரியும். ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூட்டம். தயவுசெய்து வந்து சொல்லுங்கள். ஒழுங்கையைப் பற்றிக் கேட்ட அம்மாவும் வரவேண்டும், வாசல் கமராவின் கோணத்தை அவர் முன்னால்தான் பொருத்திப் பார்ப்போம்.