இரண்டு வழிகளும் ஒரு நிய்யத்தும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

தேர்வாய் கண்டிகை சிப்காட்டிலிருந்து சென்னைக்குப் புறப்படுவோர் கவரைப்பேட்டை சென்று தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்; பெரியபாளையம் வழியாகவும் செல்லலாம். தூரம், நெரிசல், செலவு, இரவுப் பயணத்தின் அச்சம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். இது மார்க்கத்தோடு தொடர்பில்லாத சிறிய செயல் என்றே பலரும் கருதுகிறோம். நம் இமாம்கள் அவ்வாறு கருதவில்லை.

ஓர் ஊருக்கு இரு வழிகள் உள்ளன. நீண்ட வழி கஸ்ருத் தொழுகைக்குரிய தூரத்தை எட்டுகிறது, குறுகிய வழி எட்டவில்லை. இந்நிலையை இமாம் நவவீ (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலில் எடுத்துப் பேசுகிறார்கள். பாதுகாப்பு, எளிமை போன்ற நோக்கத்துக்காக நீண்ட வழியில் சென்றவர் கஸ்ரு செய்யலாம். தொழுகையைச் சுருக்குவதற்காக மட்டுமே சுற்றிச் சென்றவருக்கு ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அச்சலுகை இல்லை. ஹனஃபீ மத்ஹபிலோ, அவர் உண்மையில் செல்லும் வழியின் தூரமே கணக்கு. ஷாஃபிஈ இமாம்கள் பாதையின் நீளத்தோடு, அதைத் தேர்ந்ததன் காரணத்தையும் எடைபோட்டார்கள் என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

வழியைத் தேர்வதில் நமக்கு முதல் முன்மாதிரி ஹிஜ்ரத். கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்கு வடக்கேயுள்ள மதீனாவை நாடினார்கள். ஆனால் முதலில் சென்றதோ தெற்கேயுள்ள ஸவ்ர் குகைக்கு. மூன்று இரவுகள் அங்கே தங்கியபின், வழக்கமான பாதையை விட்டுக் கடற்கரைப் பக்கமாகச் சென்றார்கள். வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. பாதைகளை அறிந்த, நம்பத்தக்க மனிதர். அல்லாஹ்வின் மீது முழுத் தவக்குல் கொண்டிருந்த நபியவர்களே திட்டமிட்டு வழியைத் தேர்ந்தார்கள் எனில், திட்டமிடுதல் தவக்குலுக்கு முரணன்று என்பது தெளிவு.

நம் கடற்கரையின் வரலாற்றிலும் இத்தகைய தேர்வு நிகழ்ந்தது. நமக்கு அருகிலுள்ள பழவேற்காட்டிலிருந்து நம் நெசவாளர்களின் துணிகள் கப்பலேறி மலாக்காவுக்குச் சென்றன. 1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். முஸ்லிம் வணிகர் பலர் வணிகத்தைக் கைவிடவில்லை, வழியை மாற்றினர். சுமத்ராவின் வடமுனையிலுள்ள ஆச்சே புதிய சந்தையாக வளர்ந்தது. மலாக்கா நீரிணையைத் தவிர்த்து, சுமத்ராவின் மேற்குக் கரையோரம் சென்று சுந்தா நீரிணை வழியாகக் கிழக்கே போயின மரக்கலங்கள். ஆச்சேயின் மிளகு மாலத்தீவு வழியாகச் செங்கடலை அடைந்தது. பயணம் நீண்டது, ஆனால் பிழைப்பும் மானமும் காக்கப்பட்டன.

அதே நூற்றாண்டில் வட இந்தியாவில் மாறுபட்ட ஒரு குரலும் எழுந்தது. அக்பரின் அவையில் மக்தூமுல் முல்க் எனப் பட்டம் பெற்றிருந்த அப்துல்லாஹ் சுல்தான்பூரீ, ஹஜ் இப்போது கடமையில்லை என்று தீர்ப்பளித்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனீ பதிவு செய்கிறார். தரைவழி ஸஃபவீகளின் ஈரானைக் கடந்து செல்கிறது. கடல்வழியில் மர்யம் (அலை), ஈஸா (அலை) உருவங்கள் பொறித்த போர்ச்சுக்கீசிய அனுமதிச் சீட்டை ஏந்த வேண்டியிருக்கிறது என்பன அவர் கூறிய காரணங்கள். பாதையின் பாதுகாப்பு ஹஜ்ஜுக்கு நிபந்தனை என்பது ஃபிக்ஹில் உள்ளதே. எனினும், ஆண்டு நிறைவில் சொத்தை மனைவி பெயருக்கு மாற்றி ஜகாத்தைத் தவிர்த்தவர் அவர் என்றும் பதாயூனீ எழுதுகிறார். அவருடைய உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான்.

ஆனால், பாபரின் மகள் குல்பதன் பேகம் அதே கடல்வழியைத் தேர்ந்தார். சூரத்தில் அனுமதிச் சீட்டுக்காக நெடுநாள் காத்திருந்து, 1576இல் பெண்கள் குழுவோடு கப்பலேறி ஹஜ்ஜை நிறைவேற்றி, 1582இல் திரும்பினார். மக்தூமுல் முல்க்கோ 1579இல் அக்பரின் ஆணையால் மக்காவுக்கே அனுப்பப்பட்டார்.

தடை இருவருக்கும் ஒன்றே. ஒருவர் அதில் கடமையிலிருந்து விடுபடும் சலுகையைக் கண்டார். மற்றவர் கடமையை நிறைவேற்றும் வழியைத் தேடினார். நாமும் ஒரு வழி மூடியிருக்கிறது என்று சொல்லும்போது, மறுவழியை உண்மையாகவே தேடினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜும்ஆவுக்கு நேரமில்லை, உறவினரைக் காண வழியில்லை, கடனை அடைக்க வகையில்லை என்று நாம் சொல்பவற்றில் எவ்வளவு தடை, எவ்வளவு தயக்கம் என்பதை அல்லாஹ் அறிவான்.

நேரான பாதையை நமக்குக் காட்டி, அதில் தூய நிய்யத்தோடு நடக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.